பழைய மேசைக் கணினியில் லினக்ஸ் மின்ட் 22: ஒரு வாசகசாலையிலிருந்து மதிப்புரை

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அந்தத் தேதிக்குப் பிறகும் கணினி இயங்கத்தான் செய்யும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும் என்பதால், வங்கிக் கணக்கையும் அரசுத் தளங்களையும் அதில் திறப்பது நாளாக நாளாக ஆபத்து கூடிய செயலாகிவிடும். கன்னியாகுமரி மாவட்டத்தில் விண்ணப்பம் நிரப்பித் தரும் கடைகளிலும், தேவாலயப் பங்குப்பேரவை அலுவலகங்களிலும், ஊர்ச் சங்கங்களிலும், வாசகசாலைகளிலும் நான் பார்க்கும் மேசைக் கணினிகளில் பல பத்தாண்டு கடந்தவை. அவற்றைக் கழித்துக்கட்டுவதா, வேறு இயங்குதளத்துக்கு மாற்றுவதா என்ற கேள்வி இப்போது எல்லா இடங்களிலும் எழுந்திருக்கிறது. தக்கலைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வாசகசாலையின் கணினிக்கு நாங்கள் லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தைத் தேர்ந்தெடுத்தோம். அது எந்த வேலைக்குப் பொருந்தியது, எங்கே பொருந்தவில்லை என்பதை, இதே நிலையில் இருப்பவர்கள் முடிவெடுக்கப் பயன்படும் வகையில் எழுதுகிறேன்.

முதலில் கணினியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நாகர்கோவிலில் உதிரிபாகங்களாக வாங்கிச் சேர்த்த, அசெம்பிள்டு என்று எல்லோரும் சொல்லும் வகைக் கணினி அது. இன்டெல் கோர் ஐ3-3220 செயலி, எச்61 மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். 2012-இல் வெளிவந்த இந்தச் செயலிக்கு இரண்டு கருக்கள், வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். வாசகசாலையில் அதற்குக் கிடைக்கும் வேலை பலவகைப்பட்டது. நூல் பட்டியலும் உறுப்பினர் சந்தாக் கணக்கும் எக்செல் கோப்புகளாக இருக்கின்றன. கூட்டக் குறிப்புகளும் நன்கொடைக் கடிதங்களும் தமிழில் தட்டச்சாகின்றன. மாணவர்கள் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தளத்தில் விண்ணப்பம் நிரப்பவும் நுழைவுச்சீட்டை அச்செடுக்கவும் வருகிறார்கள். சிறு தோட்டக்காரர்கள் ரப்பர் வாரியம் வெளியிடும் அன்றைய விலையைப் பார்த்துச் செல்கிறார்கள். விண்டோஸ் 10-இல் இவை ஒவ்வொன்றுக்கும் காத்துக்கிடக்க வேண்டியிருந்தது. பொத்தானை அழுத்தி, உலாவி திறந்து, முதல் பக்கம் முழுமையாகத் தெரிவதற்குள் பல நிமிடங்கள் போய்விடும். பின்னணியில் புதுப்பிப்பு இறங்கும் நாட்களில் ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். சுட்டியை அசைத்தால் அம்புக்குறி தாமதித்தே நகரும்.

இந்தக் கணினியில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. 2021 அக்டோபரில் வெளியான அந்த இயங்குதளம் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும், செக்யூர் பூட் ஆற்றல் கொண்ட யூஇஎஃப்ஐ என்னும் தொடக்க அமைப்பையும் கட்டாயமாகக் கேட்கிறது; இன்டெல் செயலிகளில், சில விதிவிலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் மட்டுமே இடம் தருகிறது. எங்களுடையது மூன்றாம் தலைமுறை. இயங்குதளத்தைப் பென்டிரைவில் எழுதித் தரும் ரூஃபஸ் போன்ற கருவியைக் கொண்டு இந்தத் தடைகளைக் கடந்து நிறுவலாம் என்பது உண்மைதான். ஆயினும், தகுதி இல்லாத கணினிக்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி அளிப்பதில்லை. ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்பு மாற்றத்தின்போது அந்த வேலையை மறுபடி தொடங்க நேரிடலாம். இதைவிடவும் பழைய கோர் 2 டுவோ செயலிக் காலத்துக் கணினிகளுக்கு இந்த வழியும் அடைபட்டுவிட்டது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு எதிர்பார்க்கும் சில செயலிக் கட்டளைகள் அவற்றில் இல்லாததால், எந்தக் குறுக்குவழியில் நிறுவினாலும் அது தொடங்காது.

விண்டோஸ் 10-ஐயே இன்னும் சிறிது காலம் வைத்துக்கொள்ள விரும்புவோருக்காக, நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டம் ஒன்றை 2026 அக்டோபர் 13 வரைக்கும் என்று அந்நிறுவனம் அறிவித்தது. கணினியில் விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாகத்தான் பதிவு செய்ய முடியும். அமைப்புகளை மேகச் சேமிப்பில் வைக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை. இல்லையென்றால் 30 டாலருக்குச் சமமான தொகையோ 1000 ரிவார்ட்ஸ் புள்ளிகளோ கொடுக்க வேண்டும். விண்டோஸை விட்டு நகரவே முடியாத தொழில் உள்ளவர்களுக்கு இது நல்ல அவகாசம். பலர் வந்து போகும் பொதுக் கணினியை ஒரு தனிநபரின் கணக்கோடு கட்டிவைப்பதில் எங்கள் நிர்வாகக் குழுவுக்கு உடன்பாடு இல்லை.

நாங்கள் விசாரித்த கடைகளில் ஒன்று, கணினியைத் திறந்துகூடப் பார்க்காமல் முழு செட்டையும் மாற்றச் சொன்னது. மற்றொன்று, ஆக்டிவேட் செய்த விண்டோஸைச் சில நூறு ரூபாய்க்கு ஏற்றித் தருவதாகச் சொன்னது. பரவலாக நடக்கும் இந்த இரண்டாவது சேவையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். உரிமம் இல்லாத விண்டோஸை உரிமம் உள்ளதுபோல் காட்டும் சிறு நிரல்களை ஓட்டுவதற்காகப் பெரும்பாலும் முதலில் வைரஸ் தடுப்பை நிறுத்துகிறார்கள். நிறுத்திய பிறகு அந்த நிரல் உள்ளே வேறென்ன செய்கிறது என்று ஏற்றியவருக்கும் தெரியாது, கணினிக்கு உரியவருக்கும் தெரியாது. ஊர்ப் பிள்ளைகளின் ஆதார் நகலும் கடவுச்சொல்லும் புழங்கும் கணினியில் அதை அனுமதிப்பது பொறுப்பான செயல் ஆகாது.

கடைசியில் எங்களுக்கு உருப்படியான ஆலோசனை சொன்னவர் மார்த்தாண்டத்தில் சிறிய பழுதுபார்ப்புக் கடை நடத்தும் ஓர் இளைஞர். "சார், பதினொண்ணு ஏத்தித் தந்திரலாம். ஆனா அடுத்த பெரிய அப்டேட் வரும்போ திரும்பவும் தூக்கிட்டு வரணும், அதுக்கு நான் உறுதி சொல்ல மாட்டேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பிறகு அவர் கேட்ட கேள்விதான் எனக்குப் பிடித்தது: இந்தக் கணினியில் நீங்கள் தினமும் திறக்கும் மென்பொருட்கள் எவை, அச்சுப்பொறி எந்த மாதிரி? விற்கும் பொருளைப் பற்றிப் பேசுவதற்கு முன் செய்யும் வேலையைப் பற்றிக் கேட்கிற கடையே நம்பத்தக்க கடை என்பது என் எண்ணம்.

இயங்குதளத்துக்கு முன்னதாக அவர் மாற்றச் சொன்னது ஹார்ட் டிஸ்க்கை. சுழலும் தட்டு இல்லாத 240 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பகம் ஒன்றும், கூடுதலாக 4 ஜிபி டிடிஆர்3 ரேமும் வாங்கினோம். எச்61 மதர்போர்டில் வட்டைப் பொருத்தும் சாட்டா இணைப்பு நொடிக்கு 3 கிகாபிட் வரையே தாங்கும். ஆகவே எஸ்எஸ்டியின் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகத்தில் ஏறத்தாழ பாதிதான் கிடைக்கும். அதனால் வாங்கிப் பயனில்லை என்று எண்ணிவிடக் கூடாது. பழைய கணினியைத் தளரவைப்பது, சுழலும் தட்டின் மேல் முள் அங்கும் இங்கும் போய் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடும் நேரம். எஸ்எஸ்டியில் அந்தத் தேடல் நேரம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. லினக்ஸ் வேண்டாம் என்பவர்கள்கூட இந்த ஒரு மாற்றத்தைச் செய்துகொண்டால் வித்தியாசத்தை உணர்வார்கள்.

பெட்டியைத் திறந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. இரண்டு பருவமழையும் பெய்யும் இந்த மாவட்டத்தின் ஈரக்காற்று உலோகத்தைச் சும்மா விடுவதில்லை. பக்கவாட்டுத் தகட்டின் திருகுகள் துருவேறி இருந்தன. ரேமின் பொன்னிறத் தொடுமுனைகள் மங்கிக் கிடந்தன. வெள்ளை அழிப்பான் ஒன்றால் அவற்றை மெதுவாகத் தேய்த்து, தூசியைத் தூரிகையால் நீக்கி, செயலியின் மேல் காய்ந்துபோயிருந்த வெப்பப் பசையைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைத்தார். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியையும் மாற்றினார். அது செத்துப்போயிருந்தால் ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும்; தேதி தவறாக இருந்தால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று உலாவி மறுத்துவிடும். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் போன்ற கடற்கரை ஊர்களில் கணினி வைத்திருப்பவர்கள் இந்தத் துப்புரவை இயங்குதள மாற்றத்தின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும்.

லினக்ஸ் மின்ட் 2006 முதல் வெளிவந்துகொண்டிருக்கும் இலவச, திறந்தமூல இயங்குதளம். அதன் 22 வரிசை உபுண்டு என்ற மற்றொரு லினக்ஸ் இயங்குதளத்தின் 24.04 பதிப்பை அடித்தளமாகக் கொண்டது; 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு. சின்னமன், மேட், எக்ஸ்எஃப்சிஇ என மூன்று முகப்புகளில் கிடைக்கிறது. 2 ஜிபி ரேம் குறைந்தபட்சத் தேவை, 4 ஜிபி இருப்பது நல்லது என்கிறது அதன் அறிவிப்பு. 64-பிட் செயலி கட்டாயம். 32-பிட் மட்டுமே தெரிந்த மிகப் பழைய கணினிகளுக்கு இது உதவாது. 8 ஜிபி ரேம் ஆகிவிட்டதால் நாங்கள் சின்னமன் முகப்பையே எடுத்தோம். 4 ஜிபியோடு நிறுத்திக்கொள்பவர்கள் மூன்றில் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ எடுப்பது நல்லது.

இறக்கவேண்டிய கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி. அதை ரூஃபஸ் கொண்டு 8 ஜிபி பென்டிரைவில் எழுதி, பயாஸ் என்னும் தொடக்க அமைப்பில் பென்டிரைவை முதலிடத்தில் வைத்துத் தொடங்கினால், எதையும் நிறுவாமலேயே மின்ட் முழுமையாகத் திறந்து இயங்குகிறது. இந்த வசதியை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஒலி வருகிறதா, இணையம் கிடைக்கிறதா, திரையின் அளவு சரியாக இருக்கிறதா என்பதையெல்லாம் உள்ளே இருக்கும் ஒரு கோப்பைக்கூடத் தொடாமல் சோதித்துவிடலாம். நிறுவும் வேளையில் பழைய ஹார்ட் டிஸ்க்கின் சாட்டா கம்பியைக் கழற்றிவைத்தது அந்த இளைஞரின் நல்ல பழக்கம்; அதனால் தவறான வட்டை அழிக்கவும் வழியில்லை, தொடக்க நிரல் வேறு வட்டில் போய் அமரவும் வழியில்லை. நிறுவி முடித்தபின் கம்பியைத் திரும்ப மாட்டினால், பழைய விண்டோஸ் கோப்புறைகள் எல்லாம் மின்ட்டுக்குள் அப்படியே தெரிகின்றன. ஒரு முன்னெச்சரிக்கை மட்டும் தேவை. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற அமைப்பை அணைத்து, கணினியை முழுமையாக நிறுத்திவிட்டு வர வேண்டும். இல்லையேல் அந்த வட்டில் உள்ளதைப் படிக்க முடியும், எழுத முடியாமல் போகலாம்.

வேகத்தைப் பொறுத்தவரை எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பொத்தானை அழுத்தி ஒரு நிமிடத்துக்குள் ஃபயர்ஃபாக்ஸில் பக்கம் திறந்துவிடுகிறது. சும்மா இருக்கும்போது ஏறத்தாழ 1 ஜிபி ரேமைத்தான் எடுத்துக்கொள்கிறது. தேர்வாணையத்தின் விண்ணப்பப் பக்கம், வங்கித் தளம், மின்வாரியக் கட்டணப் பக்கம் மூன்றையும் ஒருசேரத் திறந்துவைத்தாலும் தடுமாறுவதில்லை. காணொளியில் மட்டும் செயலியின் வயது வெளிப்படுகிறது. யூடியூப் இப்போது பெரும்பாலும் பயன்படுத்தும் விபி9, ஏவி1 என்னும் காணொளிச் சுருக்கக் குறிமுறைகளை விரித்துக்காட்டும் வன்பொருள் வசதி இந்தச் செயலியின் வரைகலைப் பகுதியில் இல்லாததால், முழு வேலையும் அந்த இரண்டு கருக்களின் மேல் விழுகிறது. 720 அளவில் பாடக் காணொளிகள் சீராக ஓடுகின்றன. 1080 அளவில் விசிறியின் சத்தம் கூடுகிறது. எச்.264 குறிமுறையை மட்டும் கேட்டு வாங்கும் உலாவி நீட்சி ஒன்றைச் சேர்த்த பிறகு அதுவும் தணிந்தது.

தமிழ் விஷயத்தில் இந்த இயங்குதளம் எப்படி என்பதே எங்களைப் போன்றவர்களுக்கு முதன்மையான கேள்வி. அதற்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும். தமிழ் எழுத்துகள் எவ்விதத் தனி ஏற்பாடும் இல்லாமல் உலாவியிலும் கோப்புப் பெயர்களிலும் சரியாகத் தெரிகின்றன. தட்டச்சுக்கு, விசைப்பலகை அமைப்பில் தமிழ்நெட் 99 என்ற பெயரில் ஒரு தளவமைப்பு தயாராக இருக்கிறது. பலர் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, இது நாம் பழகிய தமிழ்99 போல் இல்லையே என்று குழம்புகிறார்கள். அவர்கள் குழப்பம் நியாயமானது. தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 முறையின் சிறப்பே, புள்ளியை அதுவாக இட்டுக்கொள்வதில் இருக்கிறது. "அக்கா" என்று எழுத அ, க, க, ஆ என்று நான்கு விசைகளை அழுத்தினால் போதும். முதல் ககரத்தின் மேல் புள்ளி தானே வந்து அமரும். "பங்கு" என்பதற்கு ப, ங, க, உ போதும். சாதாரணத் தளவமைப்பில் ஒவ்வொரு விசையும் ஒரே எழுத்தைத் தரும் என்பதால் இந்த நுட்பம் அதில் இயலாது. புள்ளியை ஒவ்வொரு முறையும் தனியாக அழுத்த வேண்டும்.

முழுமையான தமிழ்99 வேண்டுமானால், மென்பொருள் மேலாளரில் ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பைத் தேடி நிறுவி, உள்ளீட்டு முறையாக ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வந்து, அதன் பட்டியலில் தமிழ்99-ஐச் சேர்க்க வேண்டும். அதே பட்டியலில் ஒலிபெயர்ப்பு முறையும், பழைய தட்டச்சுப் பொறி முறையும் இருக்கின்றன. தட்டச்சுப் பயிலகத்தில் கற்றுத் தேர்ந்து பல ஆண்டுகளாக அந்த முறையிலேயே எழுதிவரும் எங்கள் முன்னாள் செயலாளர், விரல்களின் பழக்கத்தை மாற்றிக்கொள்ளாமல் அன்றைக்கே கூட்டக் குறிப்பைத் தட்டச்சு செய்து முடித்தார். முதல்முறை அமைத்துத் தருவதற்கு விவரம் தெரிந்த ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பதுதான் இதில் உள்ள குறை. தமிழைத் தேர்ந்தெடுத்த உடனேயே இந்தத் தொகுப்பும் சேர்ந்து வந்துவிடும்படி மின்ட் உருவாக்குநர்கள் செய்திருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

பழைய கோப்புகளில் வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் எழுதப்பட்ட கடிதங்கள் உண்மையில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைப் பொருத்தியவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். உரிய எழுத்துருக் கோப்பை மின்ட்டில் திறந்து நிறுவு என்று அழுத்தினால் பழைய கடிதங்களைப் படிக்கவும் அச்செடுக்கவும் முடிகிறது. புதிதாக அந்த எழுத்துருவில் எழுதும் விண்டோஸ் மென்பொருட்கள் இங்கே இல்லை. தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டைத் தரமாக ஏற்றுவிட்ட நிலையில், பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிவைத்துக்கொள்வதே எதிர்காலத்துக்கு நல்லது. நாங்கள் அதை ஒரு தனிப் பணியாக எடுத்துச் செய்துகொண்டிருக்கிறோம். யூனிகோடிலேயே இருந்த கோப்புகளும் முழுக்கத் தப்பவில்லை. அவற்றில் பயன்படுத்தியிருந்த லதா எழுத்துரு மைக்ரோசாஃப்டுக்கு உரியது என்பதால் மின்ட்டுடன் வருவதில்லை. அதற்குப் பதிலாக வேறொரு தமிழ் எழுத்துரு வந்து அமரும்போது எழுத்தின் அகலம் மாறி, இரண்டு பக்கத்தில் முடிந்திருந்த ஆண்டறிக்கை மூன்றாம் பக்கத்துக்கு வழிகிறது. கையெழுத்து இடும் வரி தனியாக அடுத்த பக்கத்தில் போய் நிற்பதை ஒரு கடிதத்தில் பார்த்தோம். அச்செடுப்பதற்கு முன் ஒருமுறை பக்க முன்தோற்றத்தைப் பார்த்துவிடும் பழக்கம் வேண்டும்.

மின்ட்டுடன் வரும் அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபீஸ் எங்கள் நூல் பட்டியலையும் சந்தாக் கணக்கையும் சிக்கலின்றித் திறந்தது. கூட்டல், வடிகட்டல், வரிசைப்படுத்தல் எல்லாம் அப்படியே வேலை செய்கின்றன. எக்செலில் மேக்ரோ எழுதிவைத்து அதை நம்பிக் கணக்குப் பார்ப்பவர்கள் மட்டும் அவசரப்பட வேண்டாம். அவற்றில் சில ஓடும், சில ஓடாது. தம் கோப்பைச் சோதித்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

அச்சுப்பொறியில்தான் எங்களுக்கு உண்மையான தொல்லை வந்தது. எச்பி அச்சுப்பொறிகளில் பெரும்பாலானவற்றுக்கான இயக்கி (டிரைவர்) மின்ட்டிலேயே அடங்கியிருக்கிறது. சில லேசர் மாதிரிகளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு செருகுநிரல் இறக்க வேண்டும். வலைப்பின்னலில் இணையும் புதிய அச்சுப்பொறிகள் பலவும் இயக்கியே கேட்பதில்லை. எங்களிடம் இருப்பது வேறொரு நிறுவனத்தின் பழைய சிறு லேசர் அச்சுப்பொறி; தன் சொந்தக் கட்டளை முறையில் மட்டுமே பேசும் வகை. பல ஆண்டுகளுக்கு முன் வெளியான அதன் லினக்ஸ் இயக்கியைத் தேடிப் பிடித்து, அது கேட்ட பழைய 32-பிட் துணைக்கோப்புகளையும் சேர்த்த பிறகுதான் அச்சு வந்தது. இப்போதும் கணினியைத் தொடங்குவதற்கு முன் அச்சுப்பொறியை இயக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் தாள் வரிசையிலேயே நின்றுவிடுகிறது. இதற்கான அறிவிப்பை மேசையில் ஒட்டிவைத்திருக்கிறோம். அச்சையே தொழிலாகக் கொண்டவர்கள் இப்படிப்பட்ட அச்சுப்பொறியோடு லினக்ஸுக்கு மாறுவது சரிவராது.

வேறு சிலருக்கும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். டேலியில் கணக்கு எழுதும் வணிகர்கள், பேஜ்மேக்கரிலும் ஃபோட்டோஷாப்பிலும் கோரல்டிராவிலும் அழைப்பிதழும் பிளக்ஸ் பலகையும் வடிவமைக்கும் அச்சகத்தார், கைரேகைக் கருவியை நம்பி இ-சேவைப் பணி செய்பவர்கள், டிஜிட்டல் கையொப்பச் சாவியைப் பயன்படுத்தும் கணக்காயர்கள் ஆகியோரின் வேலை விண்டோஸோடு பின்னிக்கிடக்கிறது. வைன் என்ற இடைமென்பொருள் கொண்டு சிலவற்றை ஓட்டலாம் என்று சொல்வார்கள். பிழைப்புக்கான மென்பொருளை அப்படி ஓட்டுவதில் நிம்மதி இருக்காது. அவர்களுக்குப் புதிய கணினியோ, அதுவரை நீட்டிப்புத் திட்டமோ தகும்.

பலர் பயன்படுத்தும் பொதுக் கணினிக்கு மின்ட் எவ்வளவு பொருத்தமானது என்பதை, மாற்றிய பிறகே முழுமையாக உணர்ந்தேன். உள்நுழைவுச் சாளர அமைப்பில் விருந்தினர் அமர்வை அனுமதிக்கலாம். மாணவர் ஒருவர் அதில் நுழைந்து விண்ணப்பம் நிரப்பி, ஆதார் நகலையும் சான்றிதழ்களையும் இறக்கி, அச்செடுத்துவிட்டு வெளியேறினால், அவர் விட்டுச்சென்ற கோப்பும் உலாவியில் பதிந்த கடவுச்சொல்லும் தடமின்றி நீங்கிவிடுகின்றன. முன்பு இறக்கக் கோப்புறையைத் திறந்தால் யார் யாருடைய மதிப்பெண் பட்டியலோ, சாதிச் சான்றிதழோ குவிந்து கிடக்கும். அதைத் துடைப்பதே எங்களில் ஒருவருக்கு வார வேலையாக இருந்தது. அமைப்புகளும் ஒவ்வொரு முறை புதிதாகத் தொடங்குவதால், விருந்தினர் அமர்வில் தமிழ்99-ஐ மீண்டும் சேர்க்க வேண்டியிருக்கிறது. அந்தச் சிறு சிரமத்தைப் பிள்ளைகளின் ஆவணங்கள் காக்கப்படுவதற்காக ஏற்றுக்கொள்ளலாம்.

எங்கள் வாசகர்களில் எல்லைக்கு அப்பால் கேரளப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளும் உண்டு. களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. கேரள அரசுப் பள்ளிகளில் கணினிப் பாடம் நீண்ட காலமாக லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளிலேயே நடக்கிறது. அங்கே ஒன்பதாம் வகுப்பு படிக்கும் சிறுமி ஒருத்தி முதல்நாளே, "இது எங்க ஸ்கூல்ல உள்ளதுதான் மாமா" என்று சொல்லிவிட்டு, லிப்ரே ஆபீஸில் அட்டவணை போடுவது எப்படி என்று பெரியவர்களுக்குக் காட்டிக் கொடுத்தாள். பெரியவர்கள் இதற்குப் பழகமாட்டார்கள் என்ற அச்சம் எங்கள் குழுவில் இருந்தது. இடது மூலையில் பட்டியல், கீழே பணிப்பட்டை, வலது ஓரத்தில் கடிகாரம் என்று சின்னமன் முகப்பு விண்டோஸைப் போலவே அமைந்திருப்பதால் அந்த அச்சம் விரைவில் நீங்கியது.

பராமரிப்பில் இரண்டு கருவிகள் போதுமானவை. புதுப்பிப்பு மேலாளர், எதை எப்போது ஏற்றுவது என்பதை நம்மிடமே விடுகிறது. நிர்வாகக் கடவுச்சொல் கேட்பதால் வந்து போகிறவர்கள் எதையும் நிறுவிவிட முடியாது. டைம்ஷிஃப்ட், இயங்குதளத்தின் அன்றைய நிலையைப் பதிந்துவைத்து, புதுப்பிப்பில் ஏதேனும் கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திருப்புகிறது. அதன் பதிவுகளைப் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இடம் ஒதுக்கி, லினக்ஸ் கோப்பு முறைமையில் வடிவமைத்து வைத்திருக்கிறோம். ஆனால் டைம்ஷிஃப்ட் நம் ஆவணங்களைக் காப்பதற்காக உருவானதன்று. சந்தாக் கணக்கையும் நூல் பட்டியலையும் தனியே ஒரு பென்டிரைவில் நகலெடுத்துவைக்கத்தான் வேண்டும். ஐப்பசி இடிமழையில் மின்சாரம் போய் வரும் இந்தப் பகுதியில் யூபிஎஸ் பேட்டரியைக் காலத்தில் மாற்றுவதும், இடி தொடங்கியதும் இணையக் கம்பியையும் சேர்த்துக் கழற்றிவிடுவதும் எந்த இயங்குதளத்துக்கும் பொது.

செலவு எஸ்எஸ்டிக்கும், கூடுதல் ரேமுக்கும், பேட்டரிக்கும், கடைக்காரரின் உழைப்புக்கும் ஆனதுதான். இயங்குதளத்துக்கு ஒரு ரூபாயும் இல்லை. புதிய கணினியின் விலையோடு வைத்துப் பார்த்தால் அதில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி வருகிறது. மிச்சமான பணத்தில் போட்டித் தேர்வு நூல்கள் வாங்கக் குழு முடிவு செய்திருக்கிறது. உலாவி, தமிழ்க் கடிதம், எளிய கணக்கு என்ற அளவில் வேலை நிற்கும் வீட்டுக்கும் சங்கத்துக்கும் லினக்ஸ் மின்ட் 22-ஐ நான் முழு மனதோடு பரிந்துரைக்கிறேன். கடைக்குக் கணினியைக் கொண்டுபோகிறவர்கள் அச்சுப்பொறியையும் கூடவே கொண்டுபோங்கள்; பென்டிரைவிலிருந்தே மின்ட்டைத் தொடங்கி, ஒரு தமிழ்ப் பக்கத்தை அச்செடுத்துக் காட்டச் சொல்லி, அது சரியாக வந்த பிறகே நிறுவச் சொல்லுங்கள்.